தொட்டிச் செடி வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரையில் நட்ட செடிக்கு ஓரிடத்தில் நீர் கிடைக்காவிட்டால் அதன் வேர் வேறிடம் தேடிப் போகும். தொட்டியில் அதற்கு வழியில்லை. நாம் நிரப்பிய மண், ஊற்றிய நீர், இட்ட உரம் ஆகியவற்றைக் கொண்டே அது காலந்தள்ள வேண்டும். தொட்டிச் செடிகளைப் பற்றி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இலையைப் பற்றியவை. விடையோ பெரும்பாலும் வேரில் கிடக்கிறது. கீழே உள்ள பதில்கள் அடிக்கடி மண்ணுக்குள் போவது அதனால்தான்.

தோட்டத்து மண்ணையே அள்ளித் தொட்டியில் நிரப்பினால் போதாதா?

அது மட்டும் போதாது. தரையில் மண்ணைப் புழுவும் எறும்பும் ஓயாமல் கிளறிக்கொண்டிருக்கின்றன; பெய்த மழையும் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அதே மண் தொட்டிக்குள் வந்ததும் ஒவ்வொரு முறை நீரூற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது. வேரும் மூச்சுவிடும் உறுப்பு. மண்துகள்களுக்கு இடையே காற்று நிற்க இடம் இல்லையென்றால் அதற்கு ஆக்சிஜன் கிடைக்காது. ஆக்சிஜன் கிடைக்காத வேர் நீரையும் உறிஞ்சாது, சத்தையும் உறிஞ்சாது.

ஒரு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு தேங்காய் நார்க்கழிவு, ஒரு பங்கு நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம். பெரும்பாலான செடிகளுக்கு இந்தக் கலவையிலிருந்து தொடங்கலாம். மண் களிமண்ணாக இருந்தால் அதன் அளவைக் குறைத்துவிட்டுப் பெர்லைட்டோ (இலேசான வெள்ளைப் பாறைத் துணுக்குகள்) பருமணலோ சேருங்கள். நைசான மணல் வேண்டாம். அது களியோடு சேர்ந்து இன்னும் கெட்டியாகும்.

கலவை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, ஈரமாக ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் சரி. தட்டியும் உதிராவிட்டால் களி அதிகம். உருண்டையே பிடிக்க வரவில்லை என்றால் அதில் நீர் தங்காது.

தேங்காய் நார்க்கழிவில் மட்டுமே வளர்க்கலாமா?

வளர்க்கலாம். ஆனால் அதில் செடிக்கான சத்து ஏறக்குறைய ஒன்றும் இல்லை என்பதை மறக்கக் கூடாது. திரவ உரத்தைத் தவறாமல் கொடுக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு அது சரிப்படும். 5 கிலோ கட்டி ஒன்று நீரில் ஊறினால் சுமார் 60 முதல் 75 லிட்டர் வரை பெருகும். அதில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் ஊறிய பிறகு இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். விதை முளைத்து, நாற்று நுனி கருகி நின்றுவிட்டால் முதலில் இந்த உப்பைச் சந்தேகிக்கலாம்.

நீர் வடிவதற்காகத் தொட்டியின் அடியில் கல், உடைந்த ஓடு போட வேண்டுமா?

காலங்காலமாகச் சொல்லப்படும் யோசனைதான். சொல்லும் பலனை அது தருவதில்லை. நுண்ணிய துகள்களுக்கு இடையே இருக்கும் நீர், பெரிய இடைவெளிகள் உள்ள கல்லடுக்குக்குள் எளிதில் இறங்காது. நுண்துளைகள் அதை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. கல்லுக்கு மேலே உள்ள கலவை முழுக்க ஊறித் ததும்பிய பிறகுதான் நீர் கீழே சொட்டும். எந்தத் தொட்டியிலும் நீர் வடிந்து முடிந்தபின் அடியில் சொதசொதப்பான ஓர் அடுக்கு எஞ்சும். அந்த அடுக்கின் உயரத்தைத் தீர்மானிப்பது கலவையின் தன்மை. தொட்டியின் உயரம் அல்ல. ஆகவே 5 செ.மீ. உயரத்துக்குக் கல் போட்டால் ஈர அடுக்கு 5 செ.மீ. மேலே ஏறி வேருக்கு அருகில் வந்து உட்காருகிறது. வேர் பரவும் இடமும் அந்த அளவுக்குக் குறைகிறது.

நம்பிக்கை வராதவர்கள் பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை நீரில் நனைத்துப் படுக்கைவாட்டில் பிடித்துப் பார்க்கலாம். சொட்டுவது நின்றதும் அதை நெட்டுக்குத்தாகத் திருப்பினால் மறுபடி சொட்டத் தொடங்கும். ஸ்பாஞ்சு அதேதான், மாறியது உயரம் மட்டும். ஒரே கொள்ளளவு உள்ள இரண்டு தொட்டிகளில் உயரமானது நன்றாக வடிவதும் இதனால்தான்.

துளையின் மேல் ஓர் ஓட்டுத் துண்டோ வலைத் துண்டோ வைத்தால் போதும். அது மண் வெளியேறாமல் தடுக்க மட்டுமே. துளையே இல்லாத அழகுத் தொட்டியாக இருந்தால் துளை போடுங்கள். மனம் வரவில்லை என்றால் துளையுள்ள சிறிய தொட்டியில் செடியை வைத்து அதற்குள் இறக்கி வையுங்கள்.

எந்த வகைத் தொட்டி நல்லது?

அது உங்கள் கையைப் பொறுத்தது. சுட்ட மண் தொட்டியின் சுவர் வழியாக ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வேர் குளிர்ச்சியாக இருக்கும், மண்ணும் சீக்கிரம் காயும். எப்போது பார்த்தாலும் பூவாளியோடு நிற்பவர்களுக்கு மண் தொட்டி ஏற்றது. மறதிக்காரர்களுக்குப் பிளாஸ்டிக். புதிய மண் தொட்டியை நீரில் ஊறவைத்த பிறகே நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் முதல் சில நாட்கள் செடிக்கு ஊற்றும் நீரைத் தொட்டியே குடித்துவிடும். வெளிச்சுவரில் படியும் வெள்ளைப் படலம் நோய் அல்ல. நீரிலும் உரத்திலும் உள்ள உப்புதான்.

கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி உச்சி வெயிலில் நேராக நின்றால் வெயில் படும் பக்கத்து மண் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். அந்தப் பக்கத்து வேர்நுனிகள் செத்துவிடும். வெளிர் நிறத் தொட்டியை வாங்குங்கள், அல்லது தொட்டிகளை நெருக்கி அடுக்கி ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழும்படி வையுங்கள். துணிப்பைகளில் பக்கவாட்டுக்கு வரும் வேர்நுனி காற்றுப்பட்டுக் காய்ந்து, பின்னால் கிளைவேர்கள் விடுகின்றன. வேர் சுற்றிச் சுற்றிச் சுருளாது. ஆனால் மண் தொட்டியைவிடவும் வேகமாகக் காயும்.

பழைய வாளி, டப்பா, மரப்பெட்டி எதுவும் ஆகும். பூச்சிமருந்தோ பெயிண்டோ இருந்த டப்பாக்களில் உண்ணும் செடி வளர்க்க வேண்டாம்.

எந்தச் செடிக்கு எவ்வளவு பெரிய தொட்டி?

கீரை வகைகளுக்கும் கொத்தமல்லிக்கும் 15 செ.மீ. ஆழம் போதும்; அகலம் எவ்வளவு இருந்தாலும் நல்லது. மிளகாய்க்கு 10 முதல் 15 லிட்டர், தக்காளிக்கும் கத்தரிக்கும் 20 லிட்டர், படரும் காய்கறிக் கொடிகளுக்கு 30 லிட்டருக்கு மேல். முள்ளங்கி, கேரட் போன்றவற்றுக்கு 30 செ.மீ. ஆழம் வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை, மாதுளை போன்ற சிறு மரங்களுக்கு 50 லிட்டருக்குக் குறையக் கூடாது. புதினாவை மட்டும் தனித் தொட்டியில் வையுங்கள். அது யாரோடும் இடத்தைப் பகிர்ந்துகொள்ளாது.

"பின்னால் பெரிதாகும்தானே" என்று சிறு நாற்றைப் பெரிய தொட்டியில் நடுவது வழக்கமாகிவிட்டது. வேர் எட்டாத மண்ணில் நீர் நாள்கணக்கில் தேங்கிப் புளிக்கும். அழுகல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எடையையும் கணக்கில் வையுங்கள். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. மண் கலந்து நிரப்பிய 40 லிட்டர் தொட்டி, ஈரமாக இருக்கும்போது 50 கிலோவை எளிதாகத் தொடும். மாடியிலும் பால்கனியிலும் பெரிய தொட்டிகளைச் சுவரோரமாகவோ உத்தரத்துக்கு நேர் மேலாகவோ வையுங்கள்; நிறைய வைப்பதாக இருந்தால் கட்டடப் பொறியாளரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை நீர் ஊற்ற வேண்டும்?

இந்தக் கேள்விக்கு எண்ணில் பதில் சொல்பவர்களை நம்பாதீர்கள். வெயில், காற்று, தொட்டியின் அளவு, செடியின் வயது எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். இன்று மாலை வரை தாங்கும் ஈரம் அடுத்த வாரம் நண்பகலிலேயே தீர்ந்துவிடும்.

விரலை 3 செ.மீ. ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் நீர் வேண்டாம். சிறிய தொட்டி என்றால் தூக்கிப் பார்ப்பது இன்னும் நல்லது. நன்கு நனைந்த தொட்டியின் கனமும் காய்ந்த தொட்டியின் கனமும் சில நாட்களில் கைக்குப் பழகிவிடும். கற்றாழை, பாம்புக் கற்றாழை போன்றவற்றுக்கு மண் அடிவரை காயும்வரை காத்திருக்கலாம். கீரைக்கும் தக்காளிக்கும் அவ்வளவு பொறுமை கூடாது.

ஊற்றும்போது அடித்துளையிலிருந்து நீர் வரும்வரை ஊற்றுங்கள். தினமும் ஒரு டம்ளர் என்று மேல்மண்ணை மட்டும் நனைப்பதால் அடிவேர் காய்ந்து கிடக்கும், உப்பும் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். நீர் ஊற்றியவுடன் சரசரவென்று அடியில் வந்துவிட்டால் மகிழ வேண்டாம். மண் காய்ந்து சுருங்கி, தொட்டிச் சுவருக்கும் மண்ணுக்கும் இடையே விரிசல் விட்டிருக்கும். நீர் அந்த வழியாகவே ஓடிவிட்டது. அப்போது தொட்டியை நீர் நிரம்பிய அகலமான பாத்திரத்தில் அரைமணி நேரம் வைத்து அடியிலிருந்து ஊறவிடுங்கள்.

காலையில் ஊற்றுவது நல்லது. இலைகள் இரவு முழுவதும் ஈரமாக இருந்தால் பூஞ்சணம் வரும். ஏசியிலிருந்து வடியும் நீரில் உப்பு இல்லை, தாராளமாகப் பயன்படுத்தலாம். உப்பைக் கொண்டு மென்மையாக்கும் கருவி வழியாக வரும் நீர் ஆகாது. அதில் சோடியம் கூடுதல்.

நன்றாக நீர் ஊற்றுகிறேன், ஆனாலும் செடி வாடுகிறதே?

ஊற்றுவதாலேயே வாடியிருக்கலாம். மண் எப்போதும் ஊறியே இருந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் நீரை மேலே அனுப்ப முடியாது. ஆகவே நீர் நடுவே நிற்கும் செடி தாகத்தால் வாடிய செடியைப் போலவே தலைகுனியும். அதைப் பார்த்து இரக்கப்பட்டு இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறோம். தொட்டிச் செடிகள் சாவதில் பாதிக் கதை இதுதான்.

மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடியிருந்தால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். ஆரோக்கியமான வேர் பொதுவாக வெளுப்பாக, உறுதியாக இருக்கும். பழுப்பேறி, கொழகொழத்து, இழுத்தால் தோல் உரிந்து வந்து, நாற்றமும் அடித்தால் அது அழுகல். கெட்ட பகுதியை வெட்டிவிட்டு, புதிய கலவையில், முன்பைவிடச் சிறிய தொட்டியில் வைத்து நிழலில் விடுங்கள். உரம் இப்போது வேண்டாம்.

உச்சி வெயிலில் வாடி மாலையில் தானாகவே நிமிர்ந்துவிடும் செடிக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கலாமா?

தரை அழுக்காகாமல் இருக்க வைக்கலாம்; வடிந்த நீரை அரைமணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டில் நிற்கும் நீரே போதும். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் ஆகும். அந்தக் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தட்டின் சுவரில் முட்டையிடுகிறது, அந்த முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே நீரைக் கொட்டுவதோடு நிற்காமல் வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள்.

வெயிலே வராத வீட்டில் என்ன வளரும்?

காய்க்கும் செடிகளுக்கு 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் தேவை. கீரைகளும் புதினாவும் 3, 4 மணி நேரத்தில் சமாளித்துக்கொள்ளும். அதற்கும் குறைவு என்றால் காய்கறி ஆசையை விட்டுவிட்டு மணிபிளாண்ட், பாம்புக் கற்றாழை போன்ற இலைச்செடிகளுக்குப் போகலாம்.

நம் கண் ஏமாற்றும். ஜன்னலிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே வந்தால் வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடுகிறது. கண்ணோ தன்னைச் சரிசெய்துகொண்டு நல்ல வெளிச்சம்தானே என்கிறது. நண்பகலில் செடி வைக்கும் இடத்தில் கையை நீட்டிப் பாருங்கள். நிழல் விளிம்பு தெளிவாக விழுந்தால் நல்ல வெளிச்சம், மங்கலாக விழுந்தால் சுமார், நிழலே தெரியாவிட்டால் அங்கே செடி வளராது, மெல்ல மெல்ல நலியும். தண்டு நீண்டு, இலைகள் தள்ளித் தள்ளி முளைத்து, ஒரே பக்கமாகச் சாய்வதும் வெளிச்சக் குறைவின் அடையாளம். எல்இடி விளக்கு பொருத்தினால் தினமும் 12 முதல் 14 மணி நேரம் எரியவிடுங்கள்.

முட்டை ஓடு, வாழைப்பழத் தோல், எப்சம் உப்பு இவையெல்லாம் உரமாகுமா?

முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். மண்ணில் கரைய மிக நீண்ட காலம் ஆகும். நொறுக்கிப் போட்ட ஓடு இந்தப் பருவத்துத் தக்காளிக்கு எட்டாது. வாழைப்பழத் தோல் ஊறிய நீரில் கொஞ்சம் சாம்பல்சத்து (பொட்டாசியம்) இருக்கும், ஈயும் எறும்பும் நிறையவே வரும். இரண்டையும் மக்கவைத்து எருவாக்கிப் போடுவதே முறை. எப்சம் உப்பு மக்னீசியம் குறைந்த செடிக்கு மட்டும் மருந்து. குறையில்லாத செடிக்குத் தொடர்ந்து கொடுத்தால் அது கால்சியத்தை உறிஞ்சவிடாமல் தடுக்கும்.

அப்படியானால் என்ன கொடுப்பது? தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து மூன்றும் கலந்த ஏதாவது ஒன்று. ஒவ்வொரு முறை நீர் வடியும்போதும் சத்தும் கொஞ்சம் வெளியேறுவதால் தொட்டிச் செடிக்கு அடிக்கடி, சிறிது சிறிதாக உணவு வேண்டும். 20 லிட்டர் தொட்டிக்கு மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரம் ஒரு நல்ல பழக்கம். திரவ உரம் என்றால் உறையில் போட்டிருக்கும் அளவில் பாதியைக் கொடுங்கள். காய்ந்த மண்ணில் உரம் ஊற்றாதீர்கள். இலை நுனிகள் கருகினால் உரம் மிஞ்சியிருக்கலாம். நல்ல நீரைத் தாராளமாக ஊற்றி வடியவிடுங்கள்.

இலை மஞ்சளாகிறது. எந்தச் சத்து குறைவு?

எந்த இலை என்று முதலில் பாருங்கள். அடி இலைகள் முழுவதும் வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. ஒன்றிரண்டு என்றால் வெறும் முதுமை. அடி இலைகளில் நரம்பு பச்சையாகவே நின்று நடுப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். நுனித் தளிரில் அதே தோற்றம் என்றால் இரும்பு. இதில் ஒரு சிக்கல் உண்டு: மண்ணில் இரும்பு இருந்தும், கடின நீரால் காரத்தன்மை ஏறிய மண்ணில் செடியால் அதை எடுத்துக்கொள்ள முடியாமல் போகும். எல்லா இலைகளும் ஒருசேர மஞ்சளாகித் தொங்கினால் உரத்தைத் தேடாமல் வேரைப் பாருங்கள்.

பூக்கிறது, காய்க்கவில்லை. ஏன்?

தக்காளியில் பகல் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனாலும் இரவு 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலும் பூக்கள் உதிரும். அதற்கு மருந்து இல்லை; நண்பகல் நிழல் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். காற்றே வராத பால்கனியில் பூங்கொத்தை முற்பகலில் விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். அதன் மகரந்தம் அதிர்வில்தான் நன்றாக உதிரும்.

பூசணி, சுரை, பாகல் ஆகியவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் தெரியும். பெரும்பாலும் ஆண் பூக்களே முதலில் வருவதால் தொடக்கத்தில் எல்லாம் உதிர்வது இயல்பு. பெண் பூ வந்த பின்னும் பிஞ்சு வெம்பினால் தேனீ வரவில்லை என்று பொருள். பூ விரிந்திருக்கும் நேரத்தில் ஆண் பூவைப் பறித்து, இதழ் நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள்.

தக்காளியின் அடிப்புறம் கறுத்துக் குழிவது நுனி அழுகல். காய்க்குக் கால்சியம் எட்டாததால் வருகிறது. மண்ணில் கால்சியம் இல்லாமல் வருவதைவிட, ஒருநாள் காயவிட்டு ஒருநாள் வெள்ளமாக ஊற்றுவதால் வருவதே அதிகம். மேல்மண்ணைக் காய்ந்த இலையால் மூடி (மூடாக்கு) ஈரத்தைச் சீராக வைத்தால் அடுத்து வரும் காய்கள் தேறும்.

பூச்சிகளை மருந்தில்லாமல் விரட்ட முடியுமா?

ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் முடியும். இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எந்த மருந்தையும்விட மேல். அசுவினியையும் செம்பேனையும் நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிவிடலாம். மாவுப்பூச்சியை ஆல்கஹாலில் (மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். தண்டில் எறும்பு ஏறி இறங்கினால் சந்தேகப்படுங்கள். பூச்சிகள் சுரக்கும் இனிப்பு நீருக்காக அவற்றை எறும்புகள் காவல் காக்கும்.

வேப்பெண்ணெய் தெளிப்பதானால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி., கரைவதற்குச் சில துளி திரவ சோப்பு. மாலையில் தெளியுங்கள், வெயிலில் இலை பொசுங்கும். அடித்ததும் பூச்சி செத்து விழாது; அது தின்பதையும் வளர்வதையும் தடுத்துத்தான் வேலை செய்கிறது. வாரம் ஒருமுறை என மூன்று வாரம் தொடருங்கள். மண்ணுக்கு மேல் பறக்கும் சின்னஞ்சிறு ஈக்களுக்கு மருந்தே வேண்டாம். மேல்மண் காயும்வரை நீரை நிறுத்தினால் அவற்றின் புழுக்கள் குறைந்துவிடும்.

பழைய மண்ணைத் தூக்கி எறிய வேண்டுமா?

வேண்டாம். வேர்க்கட்டைகளைப் பொறுக்கி, உதிர்த்து, மூன்றில் ஒரு பங்கு புதிய எரு கலந்து மறுபடி பயன்படுத்தலாம். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குடும்பம். இவற்றில் ஒன்று இருந்த மண்ணில் அடுத்து கீரையோ அவரையோ வையுங்கள். செடி நோயால் செத்த மண்ணை மட்டும் தொட்டிக்குத் திருப்ப வேண்டாம்.

எப்போது தொட்டி மாற்ற வேண்டும்?

அடித்துளை வழியே வேர் எட்டிப் பார்த்தால். காலையில் ஊற்றிய நீர் மதியத்துக்கே தாங்காவிட்டால். செடி காரணமின்றி வளர்ச்சி நின்றுபோனால். புதிய தொட்டி 3 முதல் 5 செ.மீ. அகலம் கூடுதலாக இருந்தால் போதும். சுருண்ட வேர்களைப் பிரித்துவிட்டு நடுங்கள்.

மரத்தைத் தொட்டியில் எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம்?

கவனித்தால் பல பத்தாண்டுகள். லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் பனைமர மாளிகையில் ஒரு சைக்காடு (பனையைப் போலத் தோன்றும் பழங்கால மரவகை) இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பிரான்சிஸ் மேசன் சேகரித்து, 1775-இல் அங்கே வந்து சேர்ந்தது. உலகின் மிகப் பழைய தொட்டிச் செடி என்று பெரும்பாலும் சொல்லப்படுவது அதுதான். வீட்டு எலுமிச்சைக்கு அவ்வளவு ஆயுள் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, வெளிவேரில் கால்பங்கைச் சீவி, கிளைகளையும் அதற்கேற்பக் கவாத்து செய்து, புதிய மண்ணோடு அதே தொட்டியில் வைக்கலாம்.

வீட்டுச் செடிகள் காற்றைச் சுத்தப்படுத்துமா?

1989-இல் நாசா நடத்திய ஆய்வைக் காட்டிச் சொல்லப்படும் செய்தி இது. அந்தச் சோதனை மூடிய சிறு கூண்டுகளுக்குள் நடந்தது. 2019-இல் வெளிவந்த ஒரு மறுஆய்வு, சாதாரணக் கட்டடத்தில் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1000 செடிகள் தேவை என்று கணக்கிட்டது. செடியை அழகுக்காக வையுங்கள். காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள்.

குழந்தைகளும் பூனை, நாயும் உள்ள வீட்டில் எதைத் தவிர்ப்பது?

மணிபிளாண்ட், டிஃபன்பாக்கியா இரண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உண்டு. கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். அரளியும் அடீனியமும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு கொண்டவை. பூனை வளர்ப்பவர்கள் லில்லிப் பூக்களை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது; அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் பழுதாகும்.

ஒரு வாரம் வெளியூர் போகிறோம். செடிகளை என்ன செய்வது?

எல்லாத் தொட்டிகளையும் நிழலான ஓரிடத்தில் நெருக்கி வைத்து, கிளம்பும் நாளில் நன்றாக ஊறவிட்டு, மேல்மண்ணைக் காய்ந்த இலையால் மூடுங்கள். வெயிலிலிருந்து நகர்த்தினாலே நீர்த்தேவை பெருமளவு குறையும். கீரை, தக்காளி போன்ற தாகக்காரச் செடிகளுக்குப் பருத்தித் திரி வையுங்கள்: ஒரு முனை வேருக்கருகே மண்ணில், மறுமுனை பக்கத்து வாளி நீரின் அடிவரை. வாளி தொட்டியைவிடச் சற்று உயரத்தில் இருக்கட்டும், வாயை வலைத்துணியால் கட்டுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே வைத்துப் பார்த்தால் திரி நீரை இழுக்கிறதா, அளவுக்கு மீறி இழுக்கிறதா என்று தெரிந்துவிடும். பக்கத்து வீட்டாரிடம் பொறுப்பைக் கொடுப்பதானால் எந்தத் தொட்டிக்கு ஊற்றக் கூடாது என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.